தண்ணீர் ஊற்றக்கூடிய வெளிச்சம்

கனகரத்தினம் பயந்த மனிதர் என்று புளியடி ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அது அநியாயமான கதை. பாம்புக்கு அவர் பயப்பட்டதில்லை, பேய்க்கும் இல்லை, பொலிசுக்கும் இல்லை. மனைவி இரத்தினேஸ்வரிக்குக் கொஞ்சம் பயம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மற்றப்படி அவர் பயந்தது கரண்டுக்கு மட்டும்தான். கரண்டுக்குப் பயந்த மனிதர் பிழைப்புக்குக் கரண்ட் வேலையையே பிடித்துக்கொண்டார் என்பதுதான் ஒழுங்கைக்குச் சிரிப்பு.

சல்லி ஊர்க் கடற்கரையில் அவருக்கு வேலை. மீன் தொழிலுக்குப் போகிற படகுகளுக்குப் பற்றரியில் எரிகிற லைட் பூட்டிக் கொடுப்பார். உப்புத் தின்ற வயரைப் பிடுங்கிவிட்டுப் புது வயர் இழுப்பார். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், கருவாடு காயும் வாசத்துக்குள் நாள் முழுக்கக் குந்தியிருந்து வேலை செய்துவிட்டுப் பின்னேரம்தான் திரும்புவார். படகில் ஓடுவது பன்னிரண்டு வோல்ட். அது ஆளைக் கொல்லாது. வீட்டு வயரிங் வேலைக்கு யாராவது கூப்பிட்டால் மட்டும் அவருக்கு முகம் சுருங்கிவிடும். போகாமல் இருக்கமாட்டார். ஆனால் மெயின் சுவிட்சை நிற்பாட்டி, அது நின்றுவிட்டதா என்று பார்த்து, பார்த்ததை இன்னொருமுறை பார்த்து, காலில் றப்பர் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் வயரில் கை வைப்பார். சாமியறைக்குள் செருப்போடு வராதே என்று வீட்டுக்காரப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே மண்ணில் மிதிக்காத ஒரு சோடிச் செருப்பைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்திருப்பார். இப்படித்தான் அவர் ‘செருப்புக் கனகர்’ ஆனார்.

பயம் சும்மா வந்ததில்லை. இளந்தாரியாக இருந்தபோது, அவரோடு வேலை செய்த ஒருவர் ஈரத் தரையில் நின்றபடி வயரைத் தொட்டுவிட்டார். ஆள் நடுங்கிக்கொண்டு நின்றதைக் கண்டு, இன்னொருவர் பாய்ந்துபோய் அவரைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் இழுக்கப் போனவருக்கு வலது கை பிறகு வசத்துக்கு வரவேயில்லை. கரண்ட் அடித்த ஆளைத் தொடாதே, சுவிட்சைத் தேடு என்பதை அன்றைக்கு அவர் நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

இரத்தினேஸ்வரியைக் கலியாணம் செய்தபோது அவளோடு கூடவே அவளுடைய தம்பியும் வந்தான். தாய் இல்லாத பிள்ளை. டிலக்சன் என்று பெயர். இவர்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கவில்லை என்று அவர்கள் மூக்கால் அழுததும் இல்லை, ஏனென்றால் வீட்டில் இருந்த ஒரு பிள்ளையை வளர்க்கவே நேரம் போதாமல் இருந்தது. அவன் வளர்ந்து கடலுக்குப் போனான். ஒருமுறை எஞ்சின் நின்று, படகு நீரோட்டத்தில் இழுபட்டு, ஆள் எங்கே என்று தெரியாமல் போனது. அப்போது இரத்தினேஸ்வரி அம்மாளுக்கு நேர்ந்துகொண்டாள். தம்பி கரைக்கு வந்தால், உயிருள்ளவரைக்கும் வருஷா வருஷம் தன் வீட்டுப் படலை வாசலில் கும்பத்துக்கு முதல் தண்ணீர் தான் ஊற்றுவேன் என்று. சல்லிப் படகொன்று அவனுடைய படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அன்று தொடக்கம் ஒரு வருஷமும் அவள் தவறவிட்டதில்லை.

திருகோணமலையில் நவராத்திரி என்றால் கும்பம்தான். ஒழுங்கைக்கொரு கொட்டகை போட்டு, அதைக் கும்பத்துமால் என்று சொல்லி, உள்ளே மண் பரப்பி நவதானியம் விதைத்து, நடுவில் கும்பத்தை வைப்பார்கள். ஒன்பது நாளும் விரதமிருந்து முளைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பத்தாம் நாள் பொழுது சாய, வேப்பிலையும் பூவும் கட்டிய கும்பம் ஒருவருடைய தலையில் ஏறி, உடுக்கும் பறையும் கூட வர வீதிக்கு இறங்கும். படலைக்குப் படலை பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு நிற்பார்கள். தலையிலிருந்து கால்வரை நனைந்துதான் கும்பம் அடுத்த வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் அந்தக் கும்பத்தைத் தூக்குகிறவன் டிலக்சன். அக்காவின் தண்ணீர் தம்பியின் தலையிலேயே விழப்போகிறது என்று இரத்தினேஸ்வரி ஆடி மாதம் தொடக்கம் சொல்லித் திரிந்தாள்.

இந்த நேரத்தில்தான் கும்பத்துக்குள் லைட் வந்து புகுந்தது.

போன வருஷம் பக்கத்து ஒழுங்கைக் கும்பம் பச்சையும் சிவப்புமாய் மின்னிக்கொண்டு வந்ததைக் கண்டு, நம்முடைய பெடியள் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார்கள். கும்பத்துமாலைப் பொறுப்பெடுத்து நடத்தும் கிருஷாந்தனுக்கு அது ஒரு வருஷமாய்த் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த முறை அவன் ரவுனில் சோடனை லைட் மாலை வாங்கிவந்து, கும்பத்தோடு சேர்த்துக் கட்டும் மூங்கில் கூட்டில் சுற்றி, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து, மால் கம்பத்தடியில் பிளக்கைக் கொழுவிவிட்டான். நல்ல மனம் உள்ள பிள்ளைதான். அவசரம்தான் கொஞ்சம் கூடுதல்.

கனகரத்தினம் முதல் நாளே மாலுக்கு வெளியே நின்று சொன்னார். “தம்பி, இது வீட்டுக்குள்ள சுவரில கொழுவிற லைட். தண்ணி தெளிக்கிற இடத்தில வேண்டாமப்பு.”

“கனகண்ணை, நீங்கள் நிலா வெளிச்சத்துக்கும் செருப்புப் போடுற ஆள்,” என்றான் கிருஷாந்தன். எல்லோரும் சிரித்தார்கள். கனகரத்தினமும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு அவர் தன்னையே ஏசிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் முறை இரத்தினேஸ்வரியுடையது. தோய்ந்து, ஈரச் சேலையோடு, வெறுங்காலோடு அவள் உள்ளே போனாள். வேப்பங்கொத்தால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வரும்போது, லைட் மாலை ஓரிடத்தில் சரிந்து முளைகளின் மேல் கிடப்பதைக் கண்டாள். பிஞ்சு முளை, நசிந்துவிடுமே என்று ஈரக் கையால் அதைத் தூக்கினாள்.

தூக்கிய கை இறுகியது. உடம்பு நடுங்கத் தொடங்கியது. முடிந்திருந்த கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

“அம்மாள் வந்திட்டா!” என்று கத்தினாள் நல்லம்மா. கும்பத்துமாலில் எது சுத்தம், எது துடக்கு என்று சொல்ல ஒழுங்கையில் அவள்தான் பெரியவள். அவள் சொன்னபிறகு யார் யோசிப்பார்கள்? உடுக்கு அடிக்கிறவர் உடுக்கை எடுத்தார். கிருஷாந்தன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஒருத்தி கற்பூரம் தேடி ஓடினாள். இரத்தினேஸ்வரி நடுங்க நடுங்க உடுக்கு ஏறியது. உடுக்கு ஏற ஏற எல்லோரும் அரோகரா போட்டார்கள். ஒரு மனுசி சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒழுங்கையே அவளைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

வாசலில் நின்ற கனகரத்தினம் அவளுடைய விரல்களைப் பார்த்தார். உரு வந்து ஆடுகிறவர்களின் கையை அவர் எத்தனையோ முறை கண்டிருக்கிறார். அது விரியும், வீசும். இந்தக் கை வயரைப் பிடித்தபடி பூட்டிக் கிடந்தது. அவர் உள்ளே பாய்ந்தார். அவளிடம் போகவில்லை. அவளைத் தாண்டிக் கம்பத்தடிக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

மால் இருண்டது. இரத்தினேஸ்வரி அப்படியே மண்ணில் சரிந்தாள். உடுக்கு நின்றது. அந்த அமைதியில் முதலில் கேட்ட குரல் நல்லம்மாவுடையது.

“ஐயோ, செருப்போட! மாலுக்குள்ள செருப்போட!”

டிலக்சன்தான் அக்காவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, இடக்கை விரலில் ஒரு சூட்டுக் காயம் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். கும்பத்துமாலைக் கழுவி, மஞ்சள் தெளித்து, செருப்புத் தோஷத்துக்கு என்னென்ன செய்யவேண்டுமோ எல்லாவற்றையும் நல்லம்மா செய்தாள். கரண்ட் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும், கரண்ட் வந்த வழியில் அம்மாளும் கொஞ்சம் வந்திருப்பா என்று சிலர் சொல்லாமல் விடவில்லை.

வீட்டுக்கு வந்த இரத்தினேஸ்வரி புருஷனோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ஊர் முன்னால் அம்மாள் வந்தவளைக் கரண்ட் அடித்தவள் ஆக்கிவிட்டேன், அதுதான் கோபம் என்று கனகரத்தினம் நினைத்தார். பொறுக்கமுடியாமல் ஒருநாள் குசினி வாசலில் போய் நின்றார்.

“ஈசுவரி, அது அம்மாள் இல்லையப்பா. கரண்ட்தான்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரியுமோ?”

“அம்மாள் வந்தா விரல் எரியுமோ?”

“அப்ப ஏன் என்னோட கதைக்கிறீரில்லை?”

அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள். “நான் அங்க நடுங்கிக்கொண்டு நிக்கிறன். வாய் திறக்க ஏலாது. கண் மட்டும் தெரியுது. என்ர மனுசன் ஓடி வாறார் எண்டு பார்த்தன். வந்த ஆள் என்னை ஒருக்காப் பார்த்திட்டு அங்கால ஓடிறார், பிளக்கைப் பிடிக்க.”

“பிளக்கைப் பிடுங்கினதாலதானே நீர் இண்டைக்கு...”

“என்னைப் பிடிக்கேல்ல.”

“உம்மைப் பிடிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் அடிச்சிருக்கும்.”

“ஓம். அதுதான் சொல்றன்,” என்று அவள் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் செய்தது சரி என்று அவளுக்கும் தெரியும். சரி என்று தெரிந்தபிறகும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு அவளும் என்ன செய்வாள்? கனகரத்தினம் வெளியே வந்து சைக்கிளைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அடுத்த பின்னேரம் மால் முற்றத்தில் கூட்டம் கூடியது. கிருஷாந்தன் பயந்துபோய்த்தான் இருந்தான், ஆனால் லைட்டை விட மனமில்லை. பத்தாம் நாள் கும்பத்துக்குப் பின்னால் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஜெனரேற்றரை வைத்து, தடித்த வயராக இழுத்து, லைட் போடுவோம்; ஆனால் இந்த முறை ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றான்.

நல்லம்மா எழும்பிவிட்டாள். “தண்ணி வாங்காத கும்பம் என்ன கும்பம்? அது சோடிச்ச பானை!”

“அப்ப லைட் இல்லாமப் போவம். பக்கத்து ஒழுங்கையார் பார்த்துச் சிரிக்கட்டும்,” என்று பெடியள் பின்னாலிருந்து முறுகினார்கள். கத்தல் கூடியது. கடைசியில், எப்போதும் நடப்பதுபோல, அதிகம் கத்தியவர்கள் வென்றார்கள். லைட் உண்டு, தண்ணீர் இல்லை.

இரத்தினேஸ்வரி கூட்டத்திலிருந்து எழும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, புளி போட்டு மினுக்கி வைத்திருந்த பெரிய பித்தளைச் செம்பை எடுத்து அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். வருஷம் முழுவதும் காத்திருந்த செம்பு. அதைக் கவிழ்த்த விதத்தைக் கனகரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று, செருப்பை மாட்டிக்கொண்டு கிருஷாந்தன் வீட்டுக்கு நடந்தார்.

“தம்பி, தண்ணி ஊத்தக்கூடிய லைட் நான் செய்து தாறன்.”

“எப்பிடி அண்ணை? ஏலுமோ?”

“கடலில படகு தண்ணி குடிக்கேல்லையோ? லைட் எரியாமலோ போகுது? ஜெனரேற்றரை விடும். வயரை வீதியில இழுக்கவேண்டாம். எல்லாம் கும்பத்துக்குள்ளேயே, சின்னப் பற்றரியில.”

கிருஷாந்தன் யோசித்தான். “ஒன்பதாம் நாள் பின்னேரம் எல்லாருக்கும் முன்னால தண்ணி ஊத்திக் காட்டோணும். காட்டினா, தண்ணியும் உண்டு, லைட்டும் உண்டு.”

“யாருடைய தலையில வைச்சு?”

“உங்கட தலையிலதான் அண்ணை. வேறை ஆர் வருவினம்?”

கனகரத்தினத்துக்கு நாக்கு வறண்டது. ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வறண்டது.

மறுநாள் அவர் பஸ்ஸில் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனார். அங்கே நஜ்முன் நிஸா, தன்னுடைய கடையில் படகு லைட்டும் வயரும் வைத்து விற்கிறாள். நாடா மாதிரிச் சுருளாக வருகிற எல்ஈடி லைட், தண்ணீர் புகாமல் கண்ணாடிபோன்ற றப்பர் உறைக்குள் போட்டது, அவளிடம் நல்லதாக இருக்கும்.

“என்ன கனகண்ணே, புதுப் படகா?”

“இல்லைத் தங்கச்சி. கும்பத்துக்கு.”

“கும்பத்துக்குக் கடல் லைட்டு எதுக்கு?”

“தண்ணி ஊத்துவினம். எங்கட வீட்டிலதான் முதல் ஊத்துறது.”

“லைட்டுக்கு மேலயா?” நஜ்முன் நிஸா வாயில் கைவைத்துச் சிரித்தாள். பிறகு, அவர் எடுத்து வைத்திருந்த சுருளைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தாள். “அப்ப இத எடுங்க. இது ஒறை தடிப்பு. பொஞ்சாதி ஊத்தப் போறாவெண்டா மலிவுச் சாமான் வாங்காதீங்க.”

பிறகு அவர் வீட்டுப் பின்பக்கத்தில் வேலையில் இருந்தார். பிரம்பை வளைத்து வட்டம் வட்டமாகக் கூடு கட்டினார். லைட்டை அதில் பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்காமல், கும்பத்துக்குக் கட்டுகிற வெள்ளை நூலாலேயே கட்டினார். வயர் வயரோடு சேருகிற இடமெல்லாம் ஈயம் உருக்கி ஒட்டி, அதன்மேல் சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் குழாயை மாட்டி, வாயைச் சிலிக்கனால் அடைத்தார். பற்றரியை மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். ஏதும் பிழைத்தால் தானே அறுந்து லைட்டை நிற்பாட்டும்படி, பற்றரியோடு ஒட்டி ஒரு பியூஸ் போட்டார். பெட்டிக்குப் போகும் வயரைக் கீழே ஒருமுறை தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினார். வயரோடு வழிந்துவரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடும், பெட்டிக்குள் ஏறாது. படகில் செய்வதும் இதுதான்.

விரத நாளானபடியால் மீன் கழுவும் பேசின் சும்மா கிடந்தது. அதற்குத் தண்ணீர் நிரப்பி, எரியும் லைட்டோடு கூட்டை அதற்குள் அமிழ்த்திவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீருக்குள் மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. இரத்தினேஸ்வரி கொடியில் சேலை விரிக்க வந்தவள், நின்று பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளுடைய கைகள் இரண்டிலும் உப்பு இருந்தது. அதைப் பேசினுக்குள் போட்டுக் கலக்கினாள்.

“உப்புத் தண்ணியில கரண்ட் இன்னும் கூடப் பாயும் எண்டு நீங்கள்தானே சொல்றனீங்கள்,” என்றாள்.

குசினிக் கதைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கதை அது. கனகரத்தினத்துக்கு லைட் எரிந்ததைவிட அதுதான் பெரிய சந்தோஷம். லைட்டும் பொழுது சாயும்வரைக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் ஒழுங்கை முழுவதும் மால் முற்றத்தில் கூடியிருந்தது. தண்ணீர் தெளித்த முற்றம். செருப்புக்கு அங்கே இடமில்லை. கனகரத்தினம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கூட்டை ஒரு கையிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த மரமணையை மறு கையிலுமாய் வந்தார். மணையை நிலத்தில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கிருஷாந்தன் ஒரு மண்பானையை அவர் தலையில் வைத்தான். பானையைச் சுற்றிப் பிரம்புக் கூடு, கூட்டில் வேப்பிலை, இலைக்குள் லைட். சுவிட்சைத் தட்டியதும் வேப்பிலை பொன்னிறமாய் மாறியது. பெடியள் விசிலடித்தார்கள்.

“பொறு,” என்றாள் நல்லம்மா. “பலகையில நிண்டா ஆருக்கு அடிக்கும்? நாளைக்கு எங்கட பெடியன் மணையிலயோ நடக்கப் போறான்? இறங்கு கீழ.”

முற்றம் சிரித்தது. ஆனால் நல்லம்மா கேட்டதில் பிழை இல்லை. அது கனகரத்தினத்துக்கும் தெரியும். இது பன்னிரண்டு வோல்ட், பச்சைப் பிள்ளைக்கும் ஒன்றும் செய்யாது என்று தலை சொன்னது. கால் கேட்கவில்லை. ஒரு காலை வைத்தார்; எடுத்தார்; திரும்ப வைத்தார். பிறகு மற்றக் காலையும். செருப்பு வார் கிடந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்த அந்தப் பாதங்களை ஒழுங்கை அன்றைக்குத்தான் கண்டது.

“ஆர் ஊத்துறது?” என்று கேட்டான் கிருஷாந்தன்.

ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு எல்லோருடைய கண்ணும் ஓரிடத்தில் போய் நின்றது. இரத்தினேஸ்வரி பித்தளைச் செம்போடு வந்திருந்தாள். அலுமாரிக்கு மேல் கவிழ்ந்து கிடந்த அதே செம்பு. அவள் முன்னால் வந்து அவருக்கு எதிரே நின்றாள். செம்பைத் தூக்கினாள். மஞ்சள் தண்ணீர் செம்பின் வாயில் தளும்பி அவள் முழங்கையில் வழிந்தது. தூக்கிய செம்பை அவள் சரிக்கவில்லை.

“ஊத்தும்,” என்றார் கனகரத்தினம்.

“ஏலாது.”

“பயப்பிடாதையும். உப்புப் போட்டுப் பார்த்தனீர்தானே.”

“பேசினுக்குள்ள லைட்தானே இருந்தது,” என்றாள் அவள். “இப்ப நீங்களெல்லோ இருக்கிறீங்கள்.”

கணவனைப் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவர்களோடு சேர்ந்து காலமெல்லாம் சிரித்தவள்தான் அவள். இப்போது பயப்படுவது அவளுடைய முறையாயிற்று. டிலக்சன் முன்னால் வந்து, “அக்கா, தாங்கோ, நான் ஊத்துறன்,” என்று கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள். காயம் ஆறாத இடக்கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

கனகரத்தினம் திடுக்கிட்டார். “கையை விடும்! பிடிச்சுக்கொண்டு ஊத்தக்கூடாது.”

“ஏன்?”

“ஏதும் எண்டா ரெண்டு பேருக்கும் அடிக்கும்.”

“அதுக்குத்தான் பிடிக்கிறன்,” என்றாள் இரத்தினேஸ்வரி.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கைக்கு எட்டும்படி முழங்காலை மடித்துக் கொஞ்சம் பணிந்து கொடுத்தார். அவள் வலக்கையால் செம்பைச் சரித்தாள். தண்ணீர் வேப்பிலையில் விழுந்து, லைட்டின் மேல் ஓடி, தொங்கவிட்ட வயரில் சொட்டுச் சொட்டாய் இறங்கி, அவருடைய நெற்றியிலும் மூக்கிலும் அவர்களுடைய இரண்டு கைகளிலும் வழிந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். செம்பு வெறுமையாகும்வரைக்கும் அவள் ஊற்றினாள்.

“அண்ணை, கண்ணைத் திறவுங்கோ,” என்றான் கிருஷாந்தன். அவனுடைய குரலில் இப்போது பகிடி இல்லை. “எரியுது.”

எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்லம்மா கும்பத்தைக் கும்பிடும் கையோடு அவர்களையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். இரத்தினேஸ்வரி பிடித்த கையை விடவில்லை. தலையில் பானையோடு எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று அவர் மெதுவாய்க் கேட்ட பிறகுதான் விட்டாள்.

பத்தாம் நாள் பொழுது சாய, புளியடி ஒழுங்கைக் கும்பம் வீதிக்கு இறங்கியது. டிலக்சனுடைய தலையில் வேப்பிலைக்குள் அந்த வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. பின்னால் இரைச்சல் போடும் ஜெனரேற்றர் இல்லை, காலில் இடறும் வயர் இல்லை. மாற்றுப் பற்றரியைப் பையில் போட்டுக்கொண்டு கனகரத்தினம் கும்பத்தோடு நடந்துவந்தார். செருப்பு மாலடியிலேயே கிடந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார் என்று பெடியள் சொன்னார்கள். மறந்தாரா, விட்டுவந்தாரா என்பது அவருக்கே தெரியாது.

தங்கள் வீட்டுப் படலையில் இரத்தினேஸ்வரி நிறைகுடம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, செம்போடு நின்றாள். உடுக்கு உச்சத்தில் இருந்தது. டிலக்சன் அக்காவுக்கு முன்னால் வந்து முழங்காலிட்டான். கடல் திருப்பித் தந்த பிள்ளை. அவள் செம்பைத் தூக்கினாள், பிறகு நிறுத்தினாள். கூட்டத்துக்குள் புருஷனைத் தேடினாள்.

“இஞ்சேருங்கோ, வாங்கோ. வந்து பிடியுங்கோ.”

கனகரத்தினம் பக்கத்தில் போனார். “இனிப் பயமில்லையப்பா. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாது. நீர் தனியவே ஊத்தலாம்.”

“நான் லைட்டைப் பற்றிக் கதைக்கேல்ல,” என்றாள் அவள்.

அவர் அவளுடைய கையின்மேல் கையை வைத்துச் செம்பைப் பிடித்தார். இருவருமாகச் சரித்தார்கள். டிலக்சன் தலையிலிருந்து கால்வரை நனைந்து எழும்பி, அடுத்த படலைக்குப் போனான்.